அறிந்தோர் சிலர், உணர வேண்டியோர் பலர்

ஓர் உண்மை கண்டறியப்படும் நாளும், அது மக்களின் உள்ளத்தில் இறங்கும் நாளும் ஒன்றல்ல. இவ்விரண்டுக்கும் இடையே ஒரு நூற்றாண்டே கழிந்துவிடுவதும் உண்டு. புவி வெப்பமாதலின் வரலாறு இதற்குத் தக்க சான்று. அவ்வரலாற்றைச் சற்றே திரும்பிப் பார்ப்போமாயின், தட்பவெப்ப மாற்றத்தைப் பற்றி மக்களிடம் எதைச் சொல்ல வேண்டும், எவ்வாறு சொல்ல வேண்டும் என்பது நமக்குத் தெளிவாகும்.

1856-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஆல்பனி நகரில் அறிவியலாளர் மாநாடு ஒன்று கூடியது. யூனிஸ் ஃபுட் என்னும் பெண்மணியின் சிறு கட்டுரை அங்கே வாசிக்கப்பட்டது. கண்ணாடிக் குழாய்களில் வெவ்வேறு வாயுக்களை நிரப்பி வெயிலில் வைத்து ஆராய்ந்த அவர், கரியமில வாயு நிறைந்த குழாயே மிகுதியாகச் சூடேறுவதையும், அச்சூடு எளிதில் ஆறாதிருப்பதையும் கண்டார். அவ்வாயு காற்றில் மிகுந்தால் புவியின் வெப்பமும் மிகும் என்று எழுதினார். அதை மாநாட்டில் வாசித்தவர் அவரல்லர், ஓர் ஆடவர். பின்னர் ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டுக் காலம் உலகம் அப்பெண்மணியை மறந்தே போயிற்று.

1859-இல் ஜான் டிண்டால் என்னும் அயர்லாந்து அறிஞர், கரியமில வாயு போன்றவை வெப்பக் கதிர்களை உட்கொள்வதை நுட்பமான கருவி கொண்டு மெய்ப்பித்தார். 1896-இல் சுவீடன் நாட்டு அரேனியஸ், காற்றில் கரியமில வாயு இருமடங்கானால் வெப்பம் எத்தனை பாகை உயரும் எனக் கணக்கிட்டே காட்டினார். குளிர்நாட்டவரான அவருக்கு அவ்வெப்பம் வரவேற்கத்தக்கதாகவே தோன்றியது! 1958-இல் ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் சார்லஸ் கீலிங் அளவெடுக்கத் தொடங்கியபோது, பத்து இலட்சம் பங்கு காற்றில் சுமார் 315 பங்கு கரியமில வாயு இருந்தது. இன்று அது 420-ஐயும் கடந்துவிட்டது.

இத்தனையும் ஆய்வேடுகளில் இருந்தன. மக்கள் செவியில் விழவில்லை. 1988 ஜூன் மாதத்தில் ஜேம்ஸ் ஹேன்சன் என்னும் அறிவியலாளர், புவி வெப்பமாதல் தொடங்கிவிட்டது என்று அமெரிக்க மேலவைக் குழுவின் முன் சான்று பகர்ந்த பின்னர் நாளேடுகள் அதை முதற்பக்கத்தில் வெளியிட்டன. ஆல்பனியிலிருந்து அந்நாள்வரை 132 ஆண்டுகள்!

இதற்கு நேர்மாறான வரலாறு ஒன்றும் நம் காலத்திலேயே நிகழ்ந்தது. குளிர்பதனப் பெட்டிகளிலும் நறுமணத் தெளிப்பான்களிலும் பயன்பட்ட குளோரோஃபுளோரோகார்பன் என்னும் வேதிப்பொருள், வானில் நமக்குக் குடையாக விளங்கும் ஓசோன் படலத்தை அரிக்கக்கூடும் என்று 1974-இல் மோலினா, ரோலண்ட் ஆகிய இருவர் எழுதினர். தொழில் நிறுவனங்கள் மறுத்துரைத்தன. ஆயினும் சட்டம் வருமுன்னரே அமெரிக்க மக்களில் பலர் அத்தெளிப்பான்களை வாங்குவதைக் குறைத்துக்கொண்டனர்; 1978-இல் அரசு அவற்றில் அப்பொருளைத் தடை செய்தது. 1985-இல் தென்துருவத்தின் மேல் ஓசோன் படலம் மெலிந்திருப்பது வெளிப்பட்டது. 1987-இல் மான்ட்ரியல் உடன்படிக்கை உருவாயிற்று. மாற்றுப்பொருளுக்கு மாறும் செலவை ஏழை நாடுகள் மட்டுமே சுமக்கலாகாது என்று 1990-இல் ஒரு நிதியும் ஏற்பட்டது. 1992-இல் இந்தியாவும் இணைந்தது. இன்று அப்படலம் மெல்ல மெல்லத் தேறிவருகிறது.

ஒரே வானம், ஒரே மனித குலம்; ஒன்றில் விரைவு, மற்றொன்றில் தயக்கம் ஏன்? நிலக்கரியும் எண்ணெயும் நம் அடுப்பு முதல் ஆலை வரை ஊடுருவி நிற்பது முதற் காரணம். ஆதாயம் குன்றும் என அஞ்சியோர் ஐயங்களை விதைத்தது இரண்டாவது. மூன்றாவது காரணம் நம்மைச் சார்ந்தது. ஓசோன் செய்தியில் தீங்கும் தீர்வும் ஒருங்கே சொல்லப்பட்டன. இந்தத் தெளிப்பானை விடு, அதற்கு மாற்று இதோ என்று காட்டப்பட்டது. தட்பவெப்பச் செய்தியிலோ அச்சமே பெரிதும் பரப்பப்பட்டது. வழி காட்டாத அச்சம் மனிதரைச் செயலுக்குத் தூண்டுவதில்லை. செவியை மூடிக்கொள்ளவே செய்கிறது.

வழி இல்லாமலில்லை. 1986-இல் தூத்துக்குடிக் கடலோரத்தில் ஒரு சில காற்றாலைகள் நிறுவப்பட்டன. ஆரல்வாய்மொழிக் கணவாயில் தென்மேற்குக் காற்று பாய்ந்து வரும் முப்பந்தல் பகுதி, பின்னர் நாட்டின் பெரிய காற்றாலைத் தொகுதிகளுள் ஒன்றாயிற்று. தொடக்கத்தில் முதலீட்டாளரை ஈர்த்தது வரிச்சலுகையே என்பதை மறுப்பதற்கில்லை. எனினும் ஊதிக் கடந்துபோன காற்று விளக்கேற்றுவதை நம் மக்கள் கண்ணாரக் கண்டனர். பெரிய நிலையங்களில் சூரிய மின்சாரத்தை ஆக்கும் செலவும் 2010-க்குப் பின்னர் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்காகக் குறைந்துள்ளது. இடரே வாய்ப்பாகவும் மாறக்கூடும் என்பதற்கு இவை கண்கூடான சான்றுகள்.

ஆயினும் அவ்வாய்ப்பு யாருக்கு என்ற வினாவையும் நாம் எழுப்பியே ஆக வேண்டும். கடல் கரையை அரிக்கும்போது முதலில் வீட்டை இழப்பவர் மீனவர். பருவம் தவறும்போது முதலில் கடன்படுபவர் சிறு உழவர். புதிய ஆற்றலின் பயன் அவர்களைச் சேராதாயின், பழைய அநீதிக்குப் புதிய பெயர் சூட்டியவர்களாவோம். மண்ணின் ஓலத்தையும் ஏழையின் ஓலத்தையும் சேர்த்தே கேட்குமாறு, மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட ‘லவுதாத்தோ சீ’ சுற்றுமடல் நம்மை அழைத்தது இதனாலன்றோ?

எனவே நம் அன்பியங்களிலும் மறைக்கல்வி வகுப்புகளிலும் இதைப் பேசும்போது, தீங்கை மட்டும் சொல்லி நிறுத்திவிட வேண்டாம். ஆலயக் கூரையில் சூரியத் தகடு பதிக்க ஆகும் செலவு என்ன, மிச்சமாகும் மின்கட்டணம் எவ்வளவு, அம்மிச்சம் எந்த ஏழையின் வீட்டுக்கு ஒளி தரும் என்பதையும் கணக்கிட்டுச் சொல்வோம். உலகம் 132 ஆண்டுகள் காத்திருந்தது. இனியும் காத்திருக்க நமக்கு நேரமில்லை.