இலங்கைச் சுருட்டை விரியன்

இலங்கைச் சுருட்டை விரியன், தென்னாசியச் சுருட்டை விரியனின் தீவுத் துணையினம். அறிவியற்பெயர் எக்கிஸ் காரினாட்டஸ் சின்கலேயஸ். யாழ்ப்பாணக் குடாநாடு, மன்னார் போன்ற வறண்ட, மணற்பாங்கான கரையோரங்களே இதன் வாழிடம். மழை மிகுந்த தென்மேற்கில் இது இல்லை.

மூல இனத்தின் அறிவியல் வரலாறு சோழமண்டலக் கரையில் தொடங்குகிறது. அக்கரையின் பாம்புகளைப் பற்றி பாட்ரிக் ரஸ்ஸல் 1796இல் வெளியிட்ட நூலில் இப்பாம்பு படத்துடன் இடம்பெற்றது. 1801இல் ஜெர்மானிய அறிஞர் ஷ்னைடர் அதற்கு அறிவியற்பெயர் சூட்டினார். ஆரணியே அதன் மூலமாதிரி இடமாகக் கொள்ளப்படுகிறது. இலங்கைப் பாம்பும் நெடுங்காலம் இதனோடு சேர்த்தே எண்ணப்பட்டது. 1951இல், கொழும்பு தேசிய நூதனசாலைப் பணிப்பாளர் பி. ஈ. பி. தெரணியகல அதைத் தனித் துணையினமாகப் பிரித்தார். இப்பிரிவினையை எல்லோரும் ஏற்கவில்லை. இந்தியாவையும் இலங்கையையும் பிரிக்கும் பாக்கு நீரிணை ஆழமற்றது. கடல்மட்டம் தாழ்ந்திருந்த பனியுகத்தில் இரு கரைகளும் நிலத்தால் இணைந்திருந்தன. ஆகவே இது தனித் துணையினமா என்ற ஐயத்தைப் புறந்தள்ள முடியாது.

பெரும்பாலும் ஓரடி நீளமே உள்ள பாம்பு இது. பகலில் கல்லடியிலும் காய்ந்த ஓலைக் குவியலிலும் ஒதுங்கி, இருட்டியபின் தேள், பூரான், தவளை, பல்லி முதலியவற்றை வேட்டையாடும். முட்டையிடாமல் குட்டி போடும். சீண்டினால் உடலை அடுக்கடுக்காக வளைத்துக்கொள்ளும். வளைவுகள் இடைவிடாமல் நகர, விலாப்புறத்து ரம்பப்பல் செதில்கள் ஒன்றோடொன்று உரசிச் சரசரக்கும். தலை நடுவில் அசையாமல் நின்று குறிபார்க்கும். பாய்ச்சல் மின்வேகம்.

நஞ்சிலுள்ள எக்கரின் என்ற நொதி, குருதியின் புரோத்ராம்பினைத் தூண்டிவிடுகிறது. உறைபொருள்கள் வீணில் செலவாகித் தீர, குருதி உறையும் திறனை இழக்கிறது. ஈறு, சிறுநீர், கடிவாய் வழியே குருதி கசியலாம். மருத்துவமனையில் நோயாளியின் குருதியைச் சுத்தமான கண்ணாடிக் குழாயில் ஊற்றி, 20 நிமிடம் அசைக்காமல் வைத்துச் சாய்த்துப் பார்ப்பார்கள். திரவமாகவே வழிந்தால் நஞ்சேறியது உறுதி. கடிவாயைக் கீறும் பழைய வழக்கம் இங்கே பெருங்கேடு: உறையாத குருதி நிற்காது.

இலங்கையில் இதன் கடியால் இறப்பது அரிது. ஆனாலும் மருத்துவமனைக் கண்காணிப்பு தவிர்க்கக் கூடாதது. சிகிச்சைக்கு, நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சுக்கும் எதிராக இந்தியாவில் தயாராகும் கூட்டு முறிமருந்து பயன்படுகிறது. அதற்கான நஞ்சை எடுத்துத் தருவோருள் முதன்மையானது, மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம்.