சேர்வராயன் மலைக் காடும் அதற்குரியாரும்

சென்ற ஐப்பசித் திங்களில் நம் சங்கத்தின் சார்பாகச் சேர்வராயன் மலையடிவாரத்துப் புறம்போக்கு நிலமொன்றில் முந்நூறு மரக்கன்றுகள் நடப்பெற்றமையை அன்பர்கள் மறந்திரார். மாலைக்கும் மரியாதைக்கும் அன்று குறைவில்லை. பங்குனியில் யாம் மாணாக்கர் சிலரோடு சென்று எண்ணியபொழுது உயிரோடு நின்றவை பதினொன்றே. ஏனையவற்றுள் ஆட்டுக்கு இரையானவை பல. நீரின்றிக் காய்ந்தவை பல. வேலிமுள்ளும் அடுப்பெரிக்கப் போயிற்று. ஆங்கு வெள்ளாடு மேய்த்து நின்ற முதியவர் ஒருவரை, "பெரியவரே, இவற்றைச் சற்றே காத்திருக்கலாகாதா?" என வினவினேம். அவரோ, "கன்னு யாருதுங்க, வாத்தியாரே?" என்று எம்மையே திருப்பி வினவினார். விடை கூற எமக்கு நா எழவில்லை. அவ்வினாவே இக்கட்டுரைக்குத் தோற்றுவாய்.

சேலம் நகரினின்றும் வடகிழக்கே தோன்றும் இம்மலை, உச்சியில் 5,300 அடிக்கு மேற்பட்டது. அதன்கண் ஏறத்தாழ 5,000 அடி உயரத்தில் அமைந்த ஏற்காடு, ஏரியும் காடும் சேர்ந்து அப்பெயர் பெற்றதென்பர். ஏரி இன்றும் உளது. காட்டைப் பற்றியே பேச வேண்டியுள்ளது. சேலத்தின் ஊடே ஓடும் திருமணிமுத்தாறு இம்மலைத்தொடரிற் பிறப்பது. மேலே பெய்யும் மழையை மரமும் சருகும் தாங்கி மண்ணுள் இறக்காவிடின், அது ஒருநாள் வெள்ளமாய் ஓடி மறுநாள் மணலையே விட்டுச் செல்லும். ஆதலின் இது மலைமேல் வாழ்வார்க்கு மட்டும் உரிய செய்தியன்று.

இம்மலையின் பழங்குடியினர் மலையாளிகள் எனப்படுவர். பெயர் கேட்டுச் சேர நாட்டவரென மயங்கற்க. மலையில் வாழ்பவர் என்பதே ஈண்டுப் பொருள். காஞ்சிபுரத்தினின்றும் போந்த உடன்பிறந்தார் மூவருள் பெரியண்ணன் சேர்வராயன் மலையிலும், நடுவண்ணன் பச்சைமலையிலும், சின்னண்ணன் கொல்லிமலையிலும் குடியேறினர் என்பது அவர்தம் வழக்கு. சாமையும் கேழ்வரகும் விளைத்தனர். ஒரு கொல்லையைச் சில ஆண்டு பயிரிட்டுப் பின்னர்ப் புதர் மண்ட விட்டுவைத்தனர். அவர் காட்டை அழித்திலர் என்று எழுதுவார் உளர். அது வெறும் புகழ்ச்சி. அழித்தனர், ஆயின் அது மீண்டும் வளர இடமும் கொடுத்தனர். நாளைத் தம் மக்கட்கு வேண்டும் நிலமன்றோ?

1820-ஆம் ஆண்டையொட்டிச் சேலம் கலெக்டராயிருந்த காக்பர்ன் என்பார் இங்குக் காப்பிப் பயிரைப் புகுத்தினார். பழமரங்கள் சிலவற்றையும் கொணர்வித்தார். அவர்க்குப் பின் ஐரோப்பியர் பலர் தோட்டம் அமைத்தனர். மலையாளிகளின் கொல்லையும் மேய்ச்சற்புறமும் சுருங்கின. கீழ்நாட்டிலோ வேறொரு பசி எழுந்தது. 1830-ஐ ஒட்டி ஹீத் என்பார் பரங்கிப்பேட்டையில் தொடங்கிய இரும்புத் தொழிற்சாலைக்குச் சேலம் ஜில்லாவின் இரும்புக்கல் சென்றது. உருக்குதற்கு நிலக்கரி இல்லை, மரக்கரியே வேண்டியிருந்தது. மரக்கரிக்கு மரம் எங்கிருந்து வரும்? 1861-ஐ ஒட்டிச் சேலத்திற்கு இருப்புப்பாதை வந்தபின், தண்டவாளத்தின் கீழ்க் கிடத்தும் கட்டைக்கும் எஞ்சினுக்கு இடும் விறகுக்கும் காடு மேலும் வெட்டுண்டது.

இழப்பைக் கண்ட அரசியலார் 1882-இல் சென்னை வனச் சட்டம் இயற்றினர். காப்புக்காடுகள் எல்லை கட்டப்பெற்றன. மேய்ச்சலும் கொல்லை வெட்டலும் கட்டுக்குள் வந்தன. இச்சட்டம் தீதென்று யாம் கூறவில்லை. இன்று எஞ்சிய காட்டிற் பெரும்பகுதி அதனால் எஞ்சியதே. ஆயினும் தலைமுறைகளாகத் தம்மதென்று கருதிய காட்டில் மலைக்குடியினர் அன்றுதொட்டு அயலாராயினர். அயலான் வீட்டுக் கூரை எரிந்தால் ஓடி அணைப்பவன் உண்டு. அவன் கூரையை ஆண்டுதோறும் வேய்ந்து தருபவன் இல்லை.

இனி, மரம் அழியாது நின்ற இடத்தையும் நோக்குவோம். வியப்பு யாதெனின், அதுவும் காப்பித் தோட்டமே. அராபிகாக் காப்பி நிழலை விரும்புவது. வெயில் படும் தண்டையே தண்டுதுளைப்பான் வண்டு நாடி முட்டையிடும். எனவே தோட்டக்காரர் பழைய காட்டுமரங்கள் சிலவற்றை விட்டுவைத்தனர். கலியாண முருங்கையும் ஆஸ்திரேலியாவினின்றும் வந்த சில்வர் ஓக்கும் நட்டனர். அவற்றின்மேல் மிளகுக்கொடி ஏறிற்று. இடையே பலாவும் ஆரஞ்சும் வளர்ந்தன. உதிர்ந்த இலை எருவாயிற்று. இன்று மலையாளிச் சிறுகுடியானவரும் தம் சிறு நிலத்தில் இம்முறையே பயிர் செய்கின்றனர். காப்பி விலை வீழ்ந்த ஆண்டில் மிளகு கைகொடுக்கும். மிளகு வாடினால் மரத்தை விற்கலாம். சில்வர் ஓக்கு மட்டுமே நிறைந்த தோட்டம் காடாகிவிடாது என்பதும் உண்மை. கனி உண்ணும் பறவைக்கு அதனால் யாது பயன்? ஆயினும் மொட்டைப் பாறைக்கு அது மேல். 1960-களில் மேட்டூர் அலுமினியத் தொழிற்சாலைக்காகப் பாக்சைட்டு எடுக்கத் தொடங்கிய முகடுகளில் மேல்மண்ணே பெயர்ந்தது. ஆங்கு எதையும் வளர்த்தல் பன்மடங்கு அரிது.

சந்தன மரத்தின் கதை இன்னும் தெளிவானது. சேலம் வட்டார மலைகளில் அது தானே முளைப்பது. எனினும் 2002 வரை பட்டா நிலத்தில் முளைத்த சந்தனத்தையும் உழவன் தன் மரமென்று வெட்டி விற்றற்கில்லாதிருந்தது; அதனால் அவன் எய்தியது கள்வர் அச்சமும் அதிகாரிகளின் விசாரணையுமே. முளையிலேயே கிள்ளி எறிந்தவனை எங்ஙனம் நோவது? 2002-இல் சட்டம் திருத்தப்பெற்று நில உடையானே சந்தனத்திற்கும் உடையான் ஆனான். அதன் பின்னரே தமிழ்நாட்டு உழவர் அதனை விரும்பி நடலாயினர். ஆப்பிரிக்காவில் நைஜர் நாட்டிலும் இதுவே நிகழ்ந்தது. மரமெல்லாம் அரசினுடையது என்றிருந்த காலத்து உழவர் அதனைப் பேணவில்லை. 1980-களின் நடுவிலிருந்து, தம் வயலில் அடிக்கட்டையினின்றும் துளிர்த்ததைத் தம்மதாகவே காக்கத் தொடங்கினர். ஏறத்தாழ 50 இலட்சம் எக்டேர் நிலம் மரம் பெற்றது. ஆங்கு எவரும் மாலை சூட்டி நடவில்லை!

நம் நாட்டில் 1988-ஆம் ஆண்டு வனக்கொள்கை ஊர்மக்களின் தேவையை முன்வைத்தது. 1997-இல் ஜப்பானியக் கடனுதவியோடு தொடங்கிய தமிழ்நாட்டுக் காடுவளர்ப்புத் திட்டத்தில் கிராம வனக்குழுக்கள் அமைந்து, காட்டின் பயனில் ஊராருக்குப் பங்கு வகுக்கப்பெற்றது. 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் மலைக்குடிகளின் உரிமையைச் சட்டமாகவே ஏற்றது. ஏட்டில் ஏறிய உரிமை கைக்கு வந்து சேர்தல் ஊர்தோறும் வேறுபடுகின்றது. இது யாவரும் அறிந்ததே.

நிற்க. இவ்வாண்டு நடவிருக்கும் கன்றுகளைப் புறம்போக்கில் நடுவதில்லையெனச் செயற்குழு முடிவு செய்துள்ளது. அடிவாரத்து உழவரின் வரப்போரத்தில், அவர் விரும்பும் பலாவும் புளியும் வேம்புமே நடப்பெறும். கன்றும் காயும் மரமும் அவர்க்கே உரியவென எழுதிக் கையொப்பமிட்டும் கொடுக்கப்பெறும். ஆடு மேய்க்கும் அம்முதியவர் இரண்டு பலாக்கன்று கேட்டுள்ளார். பங்குனியில் மீண்டும் எண்ணிப் பார்த்து, நின்றவை எத்தனை என்பதை இவ்விதழிலேயே எழுதுவோம்.