மலையகத் தமிழர் பூர்வீகத் தேடல்

மலையகத் தமிழர் பூர்வீகத் தேடல் என்பது, இலங்கையின் காப்பி, தேயிலை, இறப்பர் தோட்டங்களில் குடியேறிய தமிழர்களின் வழிவந்தோர், தமிழ்நாட்டிலுள்ள தம் முன்னோரின் ஊரையும் உறவினரையும் பழைய ஆவணங்கள், வீட்டில் எஞ்சிய பொருட்கள் ஆகியவற்றின் துணைகொண்டு கண்டறியும் முயற்சியைக் குறிக்கும். இம்மக்களில் பெரும் பகுதியினர் கடந்து சென்ற வழி இராமநாதபுரம் - இராமேசுவரம் கடற்கரை ஆகும். மண்டபம், பாம்பன், தனுஷ்கோடி ஆகிய இடங்கள் இவ்வரலாற்றில் முதன்மையானவை. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், பாட்டனார் எங்கே பிறந்தார் என்ற வினாவுக்கான விடை ஒருவரது குடியுரிமையையே முடிவு செய்தது. இதனால் இத்தேடல் குடும்ப ஆர்வம் என்ற எல்லையைக் கடந்து சட்ட முக்கியத்துவமும் பெற்றது.

பின்னணி

பிரித்தானியர் ஆட்சியில் 1820களில் இலங்கையில் காப்பிப் பயிர்ச்செய்கை தொடங்கியது. அதற்கான தொழிலாளர்கள் மதுரை, இராமநாதபுரம், திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர், சேலம், புதுக்கோட்டை ஆகிய பகுதிகளிலிருந்து சென்றனர். தொடக்க காலத்தில் அவர்கள் இராமேசுவரம், தொண்டி, அம்மாபட்டினம் முதலிய கரைகளிலிருந்து தோணிகளில் மன்னார்ப் பகுதியை அடைந்து, அங்கிருந்து காட்டு வழியாக மாத்தளை வரை நடந்து சென்றனர். பலர் காப்பி அறுவடை முடிந்ததும் ஊர் திரும்பினர். தேயிலை பரவிய பின்னர், ஆண்டு முழுவதும் வேலை இருந்தமையால், குடும்பமாகத் தங்குவோர் தொகை பெருகியது.

ஆட்சேர்ப்பைக் கங்காணிகள் மேற்கொண்டனர். கங்காணி தன் சொந்த ஊரிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் உறவினரையும் அறிமுகமானவர்களையும் திரட்டி அழைத்துச் சென்றார். மொரீசியசு, நேட்டால், பிஜி ஆகிய நாடுகளுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றவர்களுக்குத் துறைமுகத்தில் தனித்தனியே பதிவு செய்யப்பட்டது. அப்பதிவில் பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஊர், வட்டம், மாவட்டம், உடல் அடையாளம் முதலியன இடம்பெற்றன. மொரீசியசின் மோக்கா நகரில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் இத்தகைய பதிவுகள் பேணப்படுகின்றன. கங்காணி முறையில் இலங்கை சென்றவர்களுக்கு இத்தகைய ஒப்பந்தப் பத்திரம் இல்லை. மிக அருகில் உள்ள நாட்டுக்குச் சென்றவர்களின் ஊரை அறிவது மிகத் தொலைவுக்குச் சென்றவர்களின் ஊரை அறிவதைவிடக் கடினமாக இருப்பதற்கு இதுவே முதன்மைக் காரணமாகும்.

பயணத்தின் போது உருவான ஆவணங்கள்

துண்டு

ஒரு தோட்டத்திலிருந்து மற்றொரு தோட்டத்துக்கு மாறும் தொழிலாளரின் கடனைக் குறித்து, அக்கடனைத் தீர்த்தால் அவர்களை விடுவிப்பதாகத் தோட்டத்துரை எழுதித்தரும் சீட்டு "துண்டு" எனப்பட்டது. இது பெரும்பாலும் கங்காணியின் பெயரையும் தொகையையும் மையமாகக் கொண்டது. துண்டு முறை 1921இல் சட்டத்தின் மூலம் ஒழிக்கப்பட்டது.

தகரச்சீட்டு

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தகரச்சீட்டு முறை நடைமுறைக்கு வந்தது. தோட்டத்தையும் தொழிலாளியையும் குறிக்கும் எண்கள் பொறிக்கப்பட்ட சிறிய உலோக வில்லை ஒவ்வொருவருக்கும் வழங்கப்பட்டது. அதைக் காட்டியவர் வழிச்செலவு இன்றித் தோட்டம் வரை கொண்டு செல்லப்பட்டார். செலவு தோட்டத்தின் கணக்கில் பற்று வைக்கப்பட்டது. இவ்வில்லையில் பெயரோ ஊரோ இல்லை. எனவே அது ஒருவர் எத்தோட்டத்துக்குப் போனார் என்பதற்குச் சான்றாகுமே அன்றி, எவ்வூரிலிருந்து வந்தார் என்பதற்குச் சான்றாகாது.

மண்டபம் முகாம்

1914 பிப்ரவரி மாதத்தில் பாம்பன் பாலம் திறக்கப்பட்டு, தனுஷ்கோடி - தலைமன்னார் கப்பல் சேவை தொடங்கியது. அதன்பின் தொடருந்திலும் கப்பலிலும் மாறிச் சென்று இலங்கையை அடையும் வழி இதுவாயிற்று. தூத்துக்குடிக்கு அருகிலுள்ள தட்டப்பாறையில் முன்னர் இயங்கிய முகாமின் பணியை மண்டபத்தில் இலங்கை அரசு நடத்திய தொற்றுத்தடுப்பு முகாம் ஏற்றது. தொழிலாளர்கள் இங்கு சில நாட்கள் நிறுத்தி வைக்கப்பட்டு, அம்மை குத்தப்பட்டு, மருத்துவச் சோதனைக்குப் பின்னரே கப்பலேற அனுமதிக்கப்பட்டனர். 1939 ஆகத்து 1 முதல் இந்திய அரசு, பயிற்சியற்ற தொழிலாளர் இலங்கை செல்வதைத் தடை செய்தது. குடும்பத்தின் முதல் பயணத்தைக் காலக்கணிப்பு செய்வோருக்கு 1914, 1939 ஆகிய இரண்டும் பயனுள்ள எல்லைகளாகும்: மண்டபம் முகாமில் தங்கித் தோட்ட வேலைக்குப் போனதாகக் குடும்பத்தில் கூறப்படுமாயின், அப்பயணம் பெரும்பாலும் இவ்விரண்டு ஆண்டுகளுக்கு இடைப்பட்டதாகும்.

தோட்டப் பதிவேடுகள்

தோட்டங்களில் நாள்தோறும் வேலைக்கு வந்தோரைக் குறிக்கும் பதிவேடு "செக்ரோல்" எனப்படும். தோட்டப் பிறப்பு, இறப்புப் பதிவுகளும் உண்டு. ஆனால் எல்லாப் பிறப்புகளும் பதியப்படவில்லை. பதியப்பட்ட பெயர்களும் ஆங்கிலத்தில் எழுத்தரின் காதில் விழுந்தவாறு எழுதப்பட்டன.

குடியுரிமையும் பாட்டனார் பிறந்த ஊரும்

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்க இலங்கைக் குடியுரிமைச் சட்டம், வம்சாவழியை அடிப்படையாகக் கொண்டது. அச்சட்டம் நடைமுறைக்கு வருமுன் இலங்கையில் பிறந்த ஒருவர் வம்சாவழிக் குடியுரிமை பெற, அவருடைய தந்தை இலங்கையில் பிறந்திருத்தல் வேண்டும். அல்லது தந்தைவழிப் பாட்டனாரும் பூட்டனாரும் அங்கு பிறந்திருத்தல் வேண்டும். இலங்கைக்கு வெளியே பிறந்தவருக்கு விதி மேலும் கடுமையானது. தலைப்பிரசவத்துக்குப் பெண் தாய்வீடு செல்லும் வழக்கத்தினால் இராமநாதபுரத்துச் சிற்றூரில் பிறந்து, கைக்குழந்தையாகத் தோட்டத்துக்குத் திரும்பியவர், தந்தை இலங்கையில் பிறந்தார் என்பதை மட்டும் மெய்ப்பித்தல் போதாது. தந்தைவழிப் பாட்டனாரும் அங்கேயே பிறந்தவர் என்றும் மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. பிறப்புச் சான்றிதழ் இல்லாத பெரும்பாலான தோட்டத் தொழிலாளரால் இதனைச் செய்ய இயலவில்லை.

1949ஆம் ஆண்டின் இந்திய, பாகித்தானிய வதிவாளர் குடியுரிமைச் சட்டம், தொடர்ச்சியான வதிவிடத்தைச் சான்றாகக் கேட்டது. இச்சட்டத்தின் கீழ் சுமார் 8,25,000 பேருக்காக ஏறத்தாழ 2,37,000 விண்ணப்பங்கள் அளிக்கப்பட்டன. குடியுரிமை பெற்றோர் சுமார் 1,34,000 பேர் மட்டுமே.

மறுபுறம், இந்திய அரசியலமைப்பின் 8ஆம் உறுப்பு, தாமோ, பெற்றோரோ, பாட்டன் பாட்டியரோ பிரிவினைக்கு முந்திய இந்தியாவில் பிறந்திருந்தால், வெளிநாட்டில் வாழ்வோர் இந்தியத் தூதரகத்தில் பதிந்து இந்தியக் குடிமக்களாகலாம் என்றது. இவ்வாறு, பாட்டனார் இந்தியாவில் பிறந்தார் என்று காட்டும் ஒரே தாள், ஒரு கரையில் உரிமையை மறுக்கவும் மறு கரையில் உரிமையை வழங்கவும் பயன்பட்டது. அத்தகைய தாள் எதுவும் இல்லாதவர்கள் நாடற்றவர் ஆயினர்.

தாயகம் திரும்பியோர்

1964 அக்டோபர் 30 அன்று கையெழுத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி, 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென முடிவாயிற்று. எஞ்சிய 1,50,000 பேர் 1974ஆம் ஆண்டின் உடன்பாட்டில் சம அளவில் பிரிக்கப்பட்டனர். ஒப்பந்தம் ஏற்பட்டு இரு மாதங்கள் ஆகுமுன்பே, 1964 திசம்பர் 22-23 இரவில் வீசிய புயலில் தனுஷ்கோடி அழிந்தது. ஆகவே தாயகம் திரும்பியோர் தலைமன்னாரிலிருந்து இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் தங்க வைக்கப்பட்டு, அங்கிருந்து வெவ்வேறு இடங்களுக்கு அனுப்பப்பட்டனர். முன்னோர் புறப்பட்ட முகாமுக்கே வழித்தோன்றல்கள் திரும்பி வந்தது குறிப்பிடத்தக்கது. உறவினரைப் பிரிந்தோரின் அழுகையினால், தலைமன்னார் செல்லும் தொடருந்தை மலையக மக்கள் "ஒப்பாரிக் கோச்சி" என்று அழைத்தனர்.

இவர்களுக்கு இந்தியக் கடவுச்சீட்டும், மறுவாழ்வு உதவிக்கான குடும்ப அட்டையும் வழங்கப்பட்டன. குடும்ப உறுப்பினர் அனைவரையும் ஒருங்கே காட்டுவதால், பூர்வீகத் தேடலில் குடும்ப அட்டை மிகுந்த மதிப்புடையது. பலர் நீலகிரி மாவட்டத்தின் தேயிலைத் தோட்டங்களில் குடியமர்த்தப்பட்டனர். பாட்டனாரின் ஊரை மட்டுமே அறிந்து, உறவினரை ஒருபோதும் கண்டிராதோரும் இவர்களில் இருந்தனர்.

வீட்டில் எஞ்சிய சான்றுகள்

அரசு ஆவணங்கள் இல்லாத குடும்பங்களில் பின்வருவன தடயங்களாக உதவுகின்றன:

குலதெய்வம்: ஊர்ப்பெயர் மறந்த குடும்பங்களிலும் குலதெய்வத்தின் பெயர் நினைவில் நிற்பதுண்டு. சொந்த ஊர்க் கோயிலிலிருந்து பிடிமண் கொண்டு சென்று புதிய இடத்தில் தெய்வத்தை நிறுவும் வழக்கம் இதற்கு உதவுகிறது. சிற்றூர்த் தெய்வங்கள் பலவும் ஓரிரு ஊர்களுக்கே உரியவை ஆதலின், தெய்வத்தின் முழுப்பெயர் தேடும் பரப்பைப் பெரிதும் குறைக்கும்.

மொய் நோட்டு: திருமணம், காதணி விழா ஆகியவற்றில் பெறப்பட்ட மொய்யைக் குறிக்கும் ஏட்டில் ஊர், பெயர், தொகை ஆகியவை வரிசையாக எழுதப்படும். உறவினர் எந்த ஊர்களில் இருந்தனர் என்பதை இது நேரடியாகக் காட்டும்.

பெயர் வெட்டிய பாத்திரங்கள்: சீராகக் கொடுத்த பித்தளை, வெண்கலப் பாத்திரங்களில் பெயரோ பெயரின் முதலெழுத்துகளோ வெட்டப்பட்டிருக்கும். சிலவற்றில் ஊர்ப்பெயரும் காணப்படும்.

கடிதங்கள்: கடித உறைகளின் அஞ்சல் முத்திரை, ஊருக்கு அருகிலிருந்த அஞ்சலகத்தையும் ஆண்டையும் காட்டும்.

சாதகம்: பிறந்த நாள், நேரம் ஆகியவற்றுடன் பெற்றோர் பெயரும் பல சாதகக் குறிப்புகளில் இடம்பெறும்.

தமிழ்நாட்டில் தேடும் முறை

முதலில் பழைய மாவட்டப் பெயர்களை அறிதல் வேண்டும். இராமநாதபுரம் மாவட்டம் 1910இல் மதுரை, திருநெல்வேலி மாவட்டங்களின் பகுதிகளைக் கொண்டு உருவாக்கப்பட்டது. 1985இல் அது இராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர் என மூன்றாகப் பிரிக்கப்பட்டது. ஆகவே பழைய தாளில் "இராமநாதபுரம் ஜில்லா" எனக் காணப்படும் ஊர், இன்று சிவகங்கை அல்லது விருதுநகர் மாவட்டத்தில் இருக்கலாம். 1910க்கு முந்திய தாளாயின் அதே ஊர் மதுரை அல்லது திருநெல்வேலி மாவட்டத்தின் கீழ் வரும். புதுக்கோட்டை 1948 வரை தனி சமத்தானமாக இருந்தது. ஒரே பெயரில் பல சிற்றூர்கள் இருப்பதால் வட்டத்தின் பெயரும் இன்றியமையாதது.

நிலப் பதிவேடுகளிலும் ஒரு வேறுபாடு உண்டு. இராமநாதபுரம், சிவகங்கைச் சீமைகள் 1803 முதல் நிலையான வரித்திட்டத்தின் கீழ் சமீன்களாக இருந்தன. 1948ஆம் ஆண்டின் சமீன் ஒழிப்புச் சட்டத்துக்குப் பின்னரே அங்கு இரயத்துவாரி முறை வந்தது. ஆகவே சமீன் ஊர்களில் அதற்கு முந்திய காலத்து விவரங்களைச் சமத்தானக் கணக்குகளில் தேட வேண்டியுள்ளது. சென்னை எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகமும், கொழும்பிலுள்ள இலங்கைத் தேசிய சுவடிகள் திணைக்களமும் குடிபெயர்வு தொடர்பான அரசுக் கோப்புகளைக் கொண்டுள்ளன.

தமிழரிடையே குடும்பப் பெயர் வழக்கம் இல்லாமையும், பாட்டனார் பெயரைப் பேரனுக்கு இடும் வழக்கமும் தேடலைச் சிக்கலாக்குகின்றன. கருப்பன், இராமசாமி, மீனாட்சி போன்ற பெயர்கள் ஒரே தோட்டத்தில் பலருக்கு இருந்தன. தந்தை பெயர், கங்காணியின் பெயர், குலதெய்வம் ஆகிய மூன்றும் ஒத்துவரும்போதே இரு ஆவணங்கள் ஒருவரையே குறிக்கின்றன எனக் கொள்வது பாதுகாப்பானது.

அண்மைக் காலம்

2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம், 1964 அக்டோபர் 30 முதல் இலங்கையில் நிலையாக வாழும் இந்திய வம்சாவழியினருக்கும் அவர்களின் வழிவந்தோருக்கும் இலங்கை குடியுரிமை வழங்கியது. எனினும் 1983 வன்முறைக்குப் பின் ஏதிலிகளாகத் தமிழ்நாடு வந்தவர்களில் மலையகத் தமிழரும் இருந்தனர். மண்டபம் முகாம் இவர்களுக்கும் தங்குமிடமாயிற்று. இந்திய வம்சாவழியினர் எனக் கூறி முகாம்வாசிகள் தொடுத்த வழக்கில், அவர்களின் குடியுரிமை விண்ணப்பங்களை ஆராய்ந்து முடிவு செய்யுமாறு சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2019 சூன் மாதத்தில் ஆணையிட்டது.

இந்தியக் குடியுரிமைச் சட்டத்தின்படி, 1950 சனவரி 26 முதல் 1987 சூலை 1க்கு முன்னர் வரை இந்தியாவில் பிறந்தவர், சில விதிவிலக்குகள் தவிர, பிறப்பால் இந்தியக் குடிமகன் ஆவார். 1986இல் மண்டபம் முகாமில் பிறந்த பெண் ஒருவருக்குக் கடவுச்சீட்டு வழங்குமாறு 2022இல் அதே நீதிமன்றம் ஆணையிட்டது, இவ்விதியின் அடிப்படையிலேயே ஆகும். முகாமில் பிறந்த அத்தலைமுறையினரைப் பொறுத்தவரை, பிறந்த நாளையும் இடத்தையும் காட்டும் சான்றிதழே முதன்மை ஆவணமாகும்.