கள்ளுக்கடையின் இலாபம்: பேராக் தோட்டங்களில் குடியும் கட்டுப்பாடும்

பிரிட்டிஷ் ஆட்சிக்கால மலாயாவில் தோட்ட நிர்வாகிகளும் தொழிலாளர் துறை அதிகாரிகளும் தமிழ்த் தொழிலாளியை விவரிக்கும்போது, அவன் பணிவானவன், சேமிக்கத் தெரியாதவன், குடியில் அளவறியாதவன் என்னும் மூன்றையும் பிறவிக் குணங்களைப் போல ஒரே மூச்சில் கூறுவது வழக்கமாக இருந்தது. இம்மூன்றில் குடியைப் பற்றிய குற்றச்சாட்டே நெடுங்காலம் நிலைத்தது. சுதந்திரத்திற்குப் பின் தமிழ்ச் சமூகத் தலைவர்கள் பலரும் அதையே தம் மேடைகளில் திரும்பக் கூறினர். ஆனால் பேராக் மாநிலத்தின் தோட்ட வரலாற்றைப் பார்க்கும்போது, தொழிலாளியின் அடக்கமின்மை என்று பேசப்பட்டதில் ஒரு பெரும்பகுதி, நேரம், இடம், விலை, உரிமம், இலாபக் கணக்கு ஆகியவற்றோடு முறையாக அமைக்கப்பட்ட ஓர் ஏற்பாடு என்பதும், அதே தொழிலாளர்கள் தாமாகவே ஒன்றுகூடிக் குடியை மறுத்தபோது அந்த மறுப்பு ஆட்சியாளர்களுக்கு உவப்பாக இல்லை என்பதும் புலப்படுகின்றன.

பேராக்கில் ரப்பரின் கதை கோலகங்சாரில் தொடங்குகிறது. 1877ஆம் ஆண்டு சிங்கப்பூருக்கு வந்த ரப்பர்க் கன்றுகளில் ஒன்பது, அப்போது பேராக்கில் பிரிட்டிஷ் ரெசிடெண்டாக, அதாவது சுல்தானுக்கு ஆலோசகர் என்ற பெயரில் ஆட்சியை நடத்திய அதிகாரியாக இருந்த ஹியூ லோவின் தோட்டத்தில் நடப்பட்டன. மோட்டார் வண்டிகளின் பெருக்கத்தால் 1910ஆம் ஆண்டு ரப்பர் விலை உச்சத்தைத் தொட்டபோது, சுங்கை சிப்புட், தாப்பா, பீடோர், தெலுக் அன்சன் (இன்றைய தெலுக் இந்தான்) வட்டாரங்களில் காடுகள் தோட்டங்களாயின. திருச்சி, சேலம், தஞ்சாவூர், வட ஆர்க்காடு மாவட்டங்களிலிருந்து கங்காணிகள் ஆள் திரட்டி வந்தனர். கங்காணி என்பவர் தோட்டத்திற்கு ஆள் சேர்த்துக்கொடுத்து, அவர்களை வேலை வாங்கும் மேற்பார்வையாளராகவும் இருந்தவர். தொடக்கத்தில் வந்தவர்களில் பெரும்பாலோர் தனி ஆண்கள். லயம் எனப்படும் நீண்ட வரிசை வீட்டில், கோயிலும் உறவும் ஊர்ப் பஞ்சாயத்தும் இல்லாத இடத்தில் அவர்கள் தங்கவைக்கப்பட்டனர். ஊரில் ஒருவனுடைய குடிக்கு எல்லை வகுத்தவை இந்த உறவும் பஞ்சாயத்துமே. அவை இல்லாத இடத்திற்குக் கள்ளுக்கடை முதலில் வந்து சேர்ந்தது.

மலாயாவில் கள் தென்னையிலிருந்தே இறக்கப்பட்டது. விரியாத பாளையைக் கட்டி, மெல்லத் தட்டிப் பதப்படுத்தி, நாளும் இருவேளை நுனியைச் சீவிக் கலயம் கட்டினால் வடியும் இனிப்பான சாறு, காற்றிலுள்ள ஈஸ்ட் நுண்ணுயிர்களால் சில மணி நேரத்திலேயே கள்ளாகிறது. மறுநாள் வரை வைத்தால் புளித்துக் காடியாகிவிடும். ஆகவே இதைத் தொலைவிலிருந்து கொண்டுவந்து விற்பதோ சேமித்து வைப்பதோ எளிதன்று. இறக்கிய அன்றே, இறக்கிய இடத்திற்கு அருகிலேயே குடித்தாக வேண்டும். பகான் டத்தோ வட்டாரத்தில் தென்னந்தோட்டங்களே பரந்திருந்தன. ரப்பர்த் தோட்டங்களிலோ கள்ளுக்கென்றே தென்னைகள் வளர்க்கப்பட்டன. விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் அணிவகுப்புக்கு, வந்து நின்று, வெயில் ஏறுமுன் பால் வெட்டி, நண்பகலுக்குப் பின் பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு ஓயும் தொழிலாளிக்கு முன்னால், வேறு எந்தப் பொழுதுபோக்கும் இல்லாத ஒரு நீண்ட பிற்பகல் கிடந்தது. கடை திறக்கும் நேரமும் அதுவே.

தோட்டக் கள்ளுக்கடையைப் பற்றி அதிகம் பேசப்படாத செய்தி அதன் கணக்கில் இருக்கிறது. உரிமம் பெற்ற கடையை நிர்வாகமே நடத்தியது அல்லது தன் பொறுப்பில் நடத்த விட்டது. அதன் இலாபம் தொழிலாளர் துறையின் மேற்பார்வையில் ஒரு நல நிதியாகச் சேர்க்கப்பட்டு, தொழிலாளர்களின் பொது நன்மைக்குச் செலவிடப்பட்டது. கோயில் திருவிழா, விளையாட்டு, பள்ளிக்கூடத் தேவைகள் என்று நிர்வாகம் தன் கையிலிருந்து செய்திருக்க வேண்டிய சிலவற்றுக்கும் இந்த நிதி உதவியது. தந்தை குடித்த கள்ளின் இலாபத்தில் பிள்ளையின் பள்ளிக்குப் பலகை வந்தது என்று கூறினால் மிகையாகத் தோன்றலாம். ஆனால் ஏற்பாட்டின் தர்க்கம் அதுதான். இதில் வஞ்சகம் எதுவும் மறைந்திருக்கவில்லை, எல்லாம் சட்டப்படியும் கணக்குப்படியும் நடந்தது. அதனாலேயே அதை எதிர்ப்பது கடினமாக இருந்தது. கடையை மூடு என்று கேட்பவன் திருவிழாவையும் மூடச் சொல்பவனாக ஆனான்.

முதலாம் உலகப் போர்க் காலத்தில், பேராக்கும் அடங்கிய கூட்டமைப்பு மலாய் மாநிலங்களில் கள் விற்பனை பற்றி அதிகாரபூர்வமான விசாரணை நடந்தது. அக்காலம் தொட்டு அடுத்த முப்பது ஆண்டுகளில் கடைக்கு ஆதரவாகக் கூறப்பட்ட வாதங்கள் பெரிதும் மாறவில்லை: கடை இல்லாவிட்டால் தொழிலாளி சம்சு எனப்படும் கடுஞ்சாராயத்தைக் கள்ளத்தனமாகத் தேடிப் போவான், கள்ளில் உயிர்ச்சத்து பி இருப்பதால் அது தீட்டிய அரிசி உண்பவனுக்கு நன்மையே, ஊரிலேயே பழகியதை இங்கே தடுப்பது அவனை வரவிடாமல் செய்யும். முதல் இரண்டிலும் உண்மை இல்லாமலில்லை. மூன்றாவதுதான் முதலாளியின் உள்ளத்திலிருந்து நேராக வந்தது.

தொழிலாளிக்குப் போதைப்பொருளை விற்று இலாபம் காணும் இந்த முறைக்குப் பேராக்கிலேயே ஒரு முன்மாதிரி இருந்தது. லாருட்டிலும் கிந்தாப் பள்ளத்தாக்கிலும் ஈயச் சுரங்கம் நடத்திய சீன முதலாளிகள், தம் தொழிலாளர்களுக்கு அரிசியோடு அபினியையும் மதுவையும் கடனில் விற்றனர். அவற்றை விற்கும் உரிமையை அரசு வரிக் குத்தகையாக, அதாவது அதிக விலை கேட்பவருக்கு ஏலத்தில், விட்டது. லாருட்டின் புகழ்பெற்ற சுரங்க அதிபர் சுங் கெங் குவீ அத்தகைய குத்தகைகளையும் வைத்திருந்தார். ஈயத்தின் விலை வீழ்ந்த ஆண்டுகளில் சுரங்கத்தைவிடக் கடையே முதலாளியைக் காப்பாற்றியதுண்டு. பினாங்கு மருத்துவர் ஊ லியன் தே போன்றோர் நடத்திய அபினி எதிர்ப்பு இயக்கத்தின் பின், 1910ஆம் ஆண்டையொட்டிக் குத்தகை முறை நீங்கி, அபினி விற்பனை அரசின் கைக்கே போயிற்று, விற்பனை நிற்கவில்லை. அபினிக்காரன், கள்ளுக்குடியன் என்ற இரு பட்டங்களும் இருவேறு இனங்களின் குணமாகப் பேசப்பட்டாலும், இரண்டுக்கும் பின்னால் இருந்த கணக்குப் புத்தகம் ஏறத்தாழ ஒன்றே.

துரைமாரின் குடிக்கு வேறு அளவுகோல் இருந்தது. ஈப்போவின் மன்றங்களிலும் 1906இல் தொடங்கிய எஃப்.எம்.எஸ். மதுக்கூடத்திலும் தோட்டத் துரைமாரும் சுரங்கத் துரைமாரும் விஸ்கியும் சோடாவும் பாதிப் பாதியாகக் கலந்த ஸ்தெங்காவை அருந்தினர். மன்றங்களில் கையில் காசில்லாமல் சீட்டில் கையெழுத்திட்டுக் குடித்துவிட்டு மாத முடிவில் கணக்குத் தீர்க்கும் வழக்கமும் இருந்தது. கடனில் குடிப்பது கூலிக்காரனிடம் ஒழுக்கக்கேடாகவும் துரையிடம் மன்ற நாகரிகமாகவும் எண்ணப்பட்டதைக் குறித்துச் அக்கால எழுத்தாளர்கள் பெரிதும் வியக்கவில்லை.

தொழிலாளிக்குத் தன்னை அடக்கிக்கொள்ளும் ஆற்றலே இல்லை என்ற கூற்றுக்கு எதிரான சான்று ஆண்டுதோறும் தை மாதத்தில் ஈப்போவின் தெருக்களிலேயே நடந்து சென்றது. குனோங் சேரோவில் உள்ள கல்லுமலை சுப்பிரமணியர் கோயிலுக்குக் காவடி எடுப்பவர், நாட்கணக்கில், சிலர் மண்டலக் கணக்கில், புலாலும் குடியும் விட்டு, தரையில் படுத்து, ஒருவேளை உண்டு நோன்பிருந்தனர். அவர்களுள் பெரும் பகுதியினர் தோட்டத்திலிருந்து வந்தவர்களே. அவர்களது லயங்களின் ஓரத்திலிருந்த முனீஸ்வரனுக்கும் மதுரை வீரனுக்கும் கள்ளும் சுருட்டும் படைக்கப்பட்டதும் உண்மை. கட்டுப்பாடும் கட்டவிழ்ப்பும் ஒரே மனிதனின் ஆண்டுச் சுழற்சியில் அதனதன் இடத்தைப் பெற்றிருந்தன. அதிகாரியின் குறிப்பேடு இரண்டாவதை மட்டும் பதிந்தது.

இதனால் குடியின் தீங்கு சிறியது என்று ஆகிவிடாது. 1930ஆம் ஆண்டுப் பொருளாதார மந்தத்தில் ஆணின் நாட்கூலி 50 காசிலிருந்து 40 காசாகவும், பெண்ணின் கூலி 40 காசிலிருந்து 32 காசாகவும் குறைக்கப்பட்டது. அதிலிருந்து கடைக்குப் போன ஒவ்வொரு காசும் அடுப்பிலிருந்து எடுக்கப்பட்டதே. ஆணுக்கு நிகராகப் பால் வெட்டிவிட்டு, வீட்டு வேலையையும் சுமந்து, சம்பள நாள் இரவில் அடியும் வாங்கிய பெண்ணுக்கு, இந்த வரலாற்றின் எந்தப் பக்கமும் போதிய இடம் தரவில்லை. சீர்திருத்தவாதிகளும்கூடக் கள்ளைப் பேசிய அளவுக்கு அவளைப் பேசவில்லை.

சீர்திருத்தம் மேடையேறியது 1929 டிசம்பரில். பெரியார் ஈ.வெ.ரா. அப்போது மலாயாவுக்கு வந்து, ஈப்போவில் கூடிய தமிழர் மாநாட்டில் கலந்துகொண்டார். தன்மானம், சாதி ஒழிப்பு ஆகியவற்றோடு வாழ்க்கைச் சீர்திருத்தமும் தோட்டங்களில் பேசுபொருளாயிற்று. 1936இல் உருவான மலாயா மத்திய இந்தியர் சங்கம் தோட்டக் கள்ளுக்கடைகளை எதிர்த்தது. 1937 அக்டோபரில் சென்னை மாகாணத்தின் இராஜாஜி அரசு சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தபோது, அந்த மாவட்டத்திலிருந்தே கடல் கடந்து வந்தவனுக்கு இங்கே கடை உரிமத்தோடு திறந்திருந்தது என்ற முரண் வெளிப்படையாயிற்று. 1941இல் சிலாங்கூர் மாநிலத்தின் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் தொழிலாளர் தலைவர் ஆர்.எச். நாதன் முதலியோர் தலைமையில் எழுந்த வேலைநிறுத்தத்தில், கூலி உயர்வோடும், துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை நீக்குவதோடும், கள்ளுக்கடையை மூடுவதும் கோரிக்கையாக இருந்தது. தொழிலாளர்கள் கடையைத் தம் மரியாதைப் பிரச்சினைகளின் வரிசையில் வைத்தனர் என்பது கவனிக்கத்தக்கது. அரசு படையை அனுப்பியது, தொழிலாளர்கள் சுட்டுக்கொல்லப்பட்டனர்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின், கடையை மரியாதைப் பிரச்சினையாகக் காணும் அந்த எண்ணம் இன்னும் கூர்மையடைந்தது. இந்திய தேசிய இராணுவத்தில் பயிற்சி பெற்றுத் திரும்பிய இளைஞர்கள் தோட்டங்களில் இருந்தனர். பேராக்கின் வட அண்டை மாநிலமான கெடாவில், ஏ.எம். சாமி என்பவரின் தலைமையில் தொண்டர் படை என்னும் அமைப்பு எழுந்தது. அதன் இளைஞர்கள் அணிவகுத்து, குடிப்பவரைத் தடுத்து, கடைகளின் முன் மறியல் செய்தனர். சில இடங்களில் குடித்தவரை அவர்கள் தாமே தண்டித்ததும் உண்டு. அடக்கத்தைக் கற்பிக்க வந்தவர்கள் அடக்கமாக நடந்துகொண்டார்கள் என்று சொல்வதற்கில்லை. 1947 பிப்ரவரி இறுதியில் கெடாவின் பீடோங்கில் கள்ளுக்கடையை எதிர்த்துத் திரண்டவர்கள் மீது போலீசார் தடியடி நடத்தியதில் தொழிலாளி ஒருவர் உயிரிழந்தார். குடியை விடமாட்டான் என்று நெடுங்காலம் பழிக்கப்பட்டவன், குடியை விடச் சொல்லித் திரண்டதற்காக அடிபட்டான். அஞ்சப்பட்டது அவனது கட்டுப்பாடுதான். இன்று கடையை மறுக்கத் திரள்பவன் நாளை கூலிக்காகவும் திரள்வான் என்பதை நிர்வாகம் சரியாகவே கணித்திருந்தது.

1948 ஜூன் 16 அன்று பேராக்கின் சுங்கை சிப்புட் அருகே மூன்று ஐரோப்பியத் தோட்டத் துரைமார் கம்யூனிஸ்டுகளால் கொல்லப்பட்டதும் அவசரநிலை வந்தது. தொழிலாளர்கள் கூட்டமாகத் திரள்வது இனிக் குற்றமாகப் பார்க்கப்பட்டது. தோட்டங்களில் லயங்கள் முள்வேலிக்குள் ஒருங்கே சேர்க்கப்பட்டன. மறியல் போயிற்று, கடை இருந்தது.

ஐம்பதுகளில் ஐரோப்பிய நிறுவனங்கள் தோட்டங்களைத் துண்டாடி விற்கத் தொடங்கியபோது, அதே சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த அரசியல் தலைவர் வி.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவி, தொழிலாளர்கள் தவணை முறையில் பங்கு வாங்கித் தோட்டங்களைத் தாமே வாங்க வழிசெய்தார். சேமிக்கத் தெரியாதவர்கள் என்று பெயர் வாங்கியவர்களின் சிறு தவணைகளைக் கொண்டு பல தோட்டங்கள் வாங்கப்பட்டன.

பின்னர் ரப்பர் இருந்த இடத்தில் செம்பனை வந்தது, லயங்கள் இடிந்தன, மக்கள் ஈப்போவின் புந்தோங் போன்ற குடியிருப்புகளுக்குப் போயினர். தோட்டக் கள்ளுக்கடைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டதும், முன்னர் அதிகாரிகள் அஞ்சியது நடந்தது: கள்ளின் இடத்தைச் சம்சு பிடித்தது. நூற்றுக்கு ஐந்து அளவில் மதுச்சத்துள்ள கள்ளுக்குப் பதிலாக, அதைப் போல் ஏழெட்டு மடங்கு கடுமையான சரக்கு மலிவான சிறு போத்தல்களில் சில்லறைக் கடைகளில் கிடைத்தது. பினாங்குப் பயனீட்டாளர் சங்கம் பல ஆண்டுகள் இதை எதிர்த்துப் பிரசாரம் செய்தது. கள்ளின் இலாபத்தில் ஒரு பங்காவது தோட்டத்துக் கோயிலுக்கும் பள்ளிக்கும் திரும்பிவந்தது. சம்சுவின் இலாபம் போத்தலில் அடைப்பவரிடமும் கடைக்காரரிடமும் நின்றுவிட்டது, அரசு அதிலிருந்து தன் கலால் வரியை மட்டும் எடுத்துக்கொண்டது.