நிலக்கரியில் பிறந்த ஒன்றியம்

ஜிஎஸ்பி பிளஸ் பற்றிச் செய்தி வரும்போதெல்லாம் எமது ஊர்ப் பக்கங்களில் இரண்டு விதமான கருத்துகளைக் காண்கிறோம். "வெள்ளைக்காரன் எங்களை மிரட்டுகிறான்" என்பது ஒன்று. "ஐரோப்பா கேட்டால்தான் இந்த நாட்டில் நியாயம் கிடைக்கும்" என்பது மற்றையது. இரண்டு தரப்பாருமே ஐரோப்பிய ஒன்றியத்தை ஒரே வாயால் பேசும் ஓர் அரசாக நினைத்துக்கொள்கிறார்கள். பிள்ளைகளும் வகுப்பில் அப்படித்தான் கேட்பார்கள்: "சேர், ஐரோப்பிய ஒன்றியத்தின் ஜனாதிபதி யார்?" விடை சொல்வது லேசில்லை. ஆணைக்குழுவுக்கு ஒரு தலைவர், அரச தலைவர்கள் கூடும் பேரவைக்கு இன்னொருவர், பாராளுமன்றத்துக்கு வேறொருவர். இந்தக் குழப்பம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால், எமது நாட்டுக்கு வரும் சலுகையும் தடையும் எப்படி முடிவாகின்றன என்பதும் விளங்கும்.

கதை ஆரம்பிப்பது நிலக்கரியில். 1870 இலிருந்து 1945 வரையான 75 வருடங்களில் பிரான்சும் ஜேர்மனியும் மூன்று தடவை போரிட்டன. இடையில் கிடந்த அல்சாஸ்-லொரேன் பிரதேசம் நான்கு முறை கை மாறியது. ஆயுதம் செய்ய உருக்கு வேண்டும், உருக்குச் செய்ய நிலக்கரி வேண்டும். இரண்டும் குவிந்து கிடந்தது ஜேர்மனியின் ரூர் பள்ளத்தாக்கிலும் அதைச் சூழ்ந்த பகுதிகளிலும்தான். 1950 மே 9 ஆம் திகதி பிரான்சின் வெளிநாட்டமைச்சர் ரொபேர்ட் ஷூமான் ஒரு யோசனையை முன்வைத்தார். அதன் மூளை ஜோன் மொனே என்ற அதிகாரி. இரு நாடுகளின் நிலக்கரியையும் உருக்கையும் இருவருக்கும் மேலான ஒரு பொது அதிகார சபையின் கையில் கொடுத்துவிடுவோம், அப்போது ஒருவருக்குத் தெரியாமல் மற்றவர் போருக்குத் தயாராக முடியாது என்பதே அதன் சாரம்.

ஷூமானின் வாழ்க்கையையும் இங்கே சொல்ல வேண்டும். லக்சம்பேர்க்கில் பிறந்து, ஜேர்மன் பிரஜையாக வளர்ந்து, முதலாம் உலகப் போருக்குப் பின் எல்லை மாறியதால் பிரெஞ்சுப் பிரஜையானவர் அவர். இத்தாலியின் பிரதமர் டி காஸ்பெரியும் அப்படித்தான், ஒஸ்திரியப் பேரரசின் கீழ் பிறந்தவர். இவர்களும் ஜேர்மனியின் அடெனௌரும் தங்களுக்குள் பேசிக்கொண்டது ஜேர்மன் மொழியில். எல்லைக்கோடு நகர்ந்தால் சாதாரண குடும்பங்களுக்கு என்ன நடக்கும் என்பதை இவர்கள் புத்தகத்தில் படித்து அறியவில்லை.

1951 இல் பிரான்ஸ், மேற்கு ஜேர்மனி, இத்தாலி, பெல்ஜியம், நெதர்லாந்து, லக்சம்பேர்க் ஆகிய ஆறும் கையொப்பமிட்டன. நிலக்கரியில் வெற்றி கண்டவுடன் இராணுவத்தையும் ஒன்றாக்கப் பார்த்தார்கள். 1954 ஓகஸ்டில் பிரெஞ்சுப் பாராளுமன்றமே அதைத் தூக்கி எறிந்தது. இந்த இடத்தை எமது பாடக்குறிப்புகள் ஒரு வரியில் தாண்டிவிடுகின்றன. எம்மைப் பொறுத்தவரை முழுக் கதையின் திருப்பமே இதுதான். சந்தையில் சேரலாம், துப்பாக்கியில் சேர முடியாது என்ற கோடு அன்று விழுந்தது. இன்று வரை அது முழுதாக அழியவில்லை.

1957 மார்ச் 25 இல் ரோம் ஒப்பந்தம் கையொப்பமாகி ஐரோப்பியப் பொருளாதார சமூகம் உருவாக வழி பிறந்தது. சமாதானத்தின் பிள்ளை என்று புகழப்படும் இந்த ஒப்பந்தத்தில் அல்ஜீரியாவின் பெயரும் இருக்கிறது. அப்போது அது பிரான்சின் பகுதியாகக் கணக்கிடப்பட்டது. அதே வருடங்களில் அந்த மண்ணில் சுதந்திரப் போர் நடந்துகொண்டிருந்தது. 1962 இல்தான் அல்ஜீரியா விடுதலையானது. ஐரோப்பாவுக்குள் துப்பாக்கி ஓய்ந்தது உண்மை. கடல் தாண்டி அது ஓயவில்லை என்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்தே பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

அதன் பின் நடந்தவற்றை விரைவாகச் சொல்லிவிடலாம். பிரித்தானியா கதவைத் தட்டியபோது டி கோல் 1963 இலும் 1967 இலும் மறுத்தார். 1973 இல் உள்ளே வந்தது, 2020 ஜனவரி 31 இல் வெளியே போனது. 1979 இல் முதன்முதலாக மக்கள் நேரடியாக வாக்களித்து ஐரோப்பியப் பாராளுமன்றத்தைத் தெரிவு செய்தார்கள். அதன் தலைவராக வந்தவர் சிமோன் வெய்ல், அவுஷ்விட்ஸ் வதைமுகாமிலிருந்து உயிர் தப்பிய பெண்மணி. மாஸ்ட்ரிக்ட் ஒப்பந்தம் 1993 இல் நடைமுறைக்கு வந்தபோது 'ஐரோப்பிய ஒன்றியம்' என்ற பெயரும் வந்தது. யூரோத் தாள்கள் 2002 இல் கைக்கு வந்தன. 2004 இல் ஒரே நாளில் பத்து நாடுகள் சேர்ந்தன. இன்று 27.

இனி அதிகாரம் எப்படி ஓடுகிறது என்று பார்ப்போம். வர்த்தகம் முழுமையாக ஒன்றியத்தின் கையில் இருக்கிறது. பிரான்ஸ் தனியாக எங்களுக்கு ஒரு வரிச்சலுகை தர முடியாது, ஜேர்மனியும் தர முடியாது. பெரும்பாலான சட்டங்களுக்கு 27 இல் 15 நாடுகள் சம்மதித்து, அந்த நாடுகளில் ஒன்றியத்தின் சனத்தொகையில் 65 வீதம் இருந்தால் போதும். ஆனால் வெளிநாட்டுக் கொள்கைக்குப் பொதுவாக எல்லோரும் ஒத்துக்கொள்ள வேண்டும். ஒரு நாடு கையை உயர்த்தி மறுத்தால் விஷயம் அங்கேயே நின்றுவிடும். ரஷ்யா மீதான பொருளாதாரத் தடைகளை ஒவ்வொரு ஆறு மாதமும் புதுப்பிக்கும்போது ஹங்கேரி பேரம் பேசியதும் இதனால்தான்.

எம்மவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி காஸா பற்றியது. 2023 ஒக்டோபர் 27 இல் ஐ.நா. பொதுச்சபையில் மனிதாபிமானப் போர்நிறுத்தம் கோரிய தீர்மானம் வந்தபோது, ஒன்றியத்தின் 8 நாடுகள் ஆதரவாகவும் 4 நாடுகள் எதிராகவும் வாக்களித்தன, 15 நாடுகள் வாக்களிப்பைத் தவிர்த்தன. ஒரே மேசையில் இருப்பவர்கள் மூன்றாகப் பிரிந்தார்கள். அடுத்த வருடம் அயர்லாந்து, ஸ்பெயின், ஸ்லோவேனியா ஆகியன பலஸ்தீனத்தைத் தனித்தனியே அங்கீகரித்தன. ஒன்றியமாக அல்ல. "ஐரோப்பா இப்படிச் செய்தது" என்று எழுதுமுன் எந்த ஐரோப்பா என்று கேட்டுக்கொள்வது நல்லது.

பொஸ்னியாவில் நடந்தது இதைவிடக் கசப்பானது. 1991 இல் யூகோஸ்லாவியா உடைந்தபோது இது ஐரோப்பா கையாள வேண்டிய வேளை என்று பெருமையாகச் சொன்னார்கள். 1995 ஜூலையில் ஸ்ரெப்ரெனிக்காவில் எண்ணாயிரத்துக்கும் அதிகமான முஸ்லிம் ஆண்களும் பையன்களும் கொல்லப்பட்டார்கள். இறுதியில் சமாதான ஒப்பந்தம் பேசப்பட்டது அமெரிக்காவின் டேய்ட்டன் நகரில்.

துருக்கியை எடுத்துக்கொண்டால், 1987 இல் விண்ணப்பித்து 2005 இல் பேச்சுவார்த்தை தொடங்கியது. இன்னும் வாசலிலேயே நிற்கிறது. கிறிஸ்தவச் சங்கம் என்பதால்தான் இது என்று சிலர் ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அந்த உணர்வு அங்கே இல்லை என்று சொல்ல மாட்டோம். ஆனால் அல்பேனியாவும் பொஸ்னியாவும் இன்று உறுப்புரிமைக்கான வேட்பாளர் நாடுகள். துருக்கியின் விடயத்தில் சைப்ரஸ் பிரச்சினை பெரிய முடிச்சு. 2004 இல் அந்தத் தீவை இணைக்கும் திட்டத்துக்குத் துருக்கிய சைப்ரியர்கள் ஆம் என்றார்கள், கிரேக்க சைப்ரியர்கள் இல்லை என்றார்கள். இருந்தும் சில நாட்களில் சைப்ரஸ் உறுப்பினரானது, துருக்கியை மறிக்கும் உரிமையும் கூடவே அதற்குக் கிடைத்தது. துருக்கியின் சொந்த ஜனநாயகம் பின்வாங்கியதும் இதில் சேர்ந்துகொண்டது.

இப்போது எமது வாசலுக்கு வருவோம். 2005 இல் இலங்கைக்கு ஜிஎஸ்பி பிளஸ் கிடைத்தது. மனித உரிமை, தொழிலாளர் உரிமை, சுற்றாடல், நல்லாட்சி பற்றிய 27 சர்வதேச சமவாயங்களைப் பின்பற்றுவதே நிபந்தனை. சித்திரவதை, சிறுவர் உரிமை, குடியியல் அரசியல் உரிமைகள் பற்றிய மூன்று சமவாயங்களில் குறைபாடு கண்டு 2010 ஓகஸ்டில் நிறுத்தினார்கள். 2017 மே மாதம் திருப்பித் தந்தார்கள். மீனுக்கும் இப்படித்தான்: சட்டவிரோத மீன்பிடியைத் தடுக்கவில்லை என்று 2015 இல் எமது மீன் இறக்குமதியைத் தடைசெய்து, ஆழ்கடல் படகுகளுக்குக் கண்காணிப்புக் கருவி பூட்டப்பட்டு, சட்டங்கள் திருத்தப்பட்ட பின் 2016 இல் நீக்கினார்கள்.

கவனியுங்கள், காஸாவில் ஒரே குரலில் பேச முடியாத ஒன்றியம் எமது சூரை மீனுக்கு ஒரே குரலில் பேசுகிறது. வர்த்தகத்தில் அதன் கை அவ்வளவு நீளம். அந்தக் கை முதலில் தொடுவது அமைச்சர்களை அல்ல. காலை இருட்டில் காமென்ட் பஸ்ஸில் ஏறும் பிள்ளைகளைத்தான் தொடுகிறது. 2010 இல் கொள்கை வகுத்தவர்கள் யாரும் வேலை இழக்கவில்லை. இதில் ஒன்றியத்தின் மீது எமக்கு விமர்சனம் உண்டு. ஆனால் நிபந்தனைகளில் கையொப்பமிட்டது நாம்தான் என்பதையும் மறைக்க முடியாது. அந்த 27 சமவாயங்களில் பெரும்பாலானவை எமது சொந்த மக்களைப் பாதுகாப்பவை. பிரசல்ஸ் கேட்காவிட்டாலும் நாம் கேட்க வேண்டியவை.

சலுகை முழுதாகப் பயன்படுவதும் இல்லை. ஆடைக்கு வரி விலக்குப் பெற, துணியும் இங்கேயோ விதிகள் அனுமதிக்கும் அயல்நாடுகளிலோ நெய்யப்பட்டிருக்க வேண்டும். சீனத் துணியில் தைத்தால் பலன் இல்லை. தற்போதைய திட்டம் 2027 முடிவு வரை நீடிக்கப்பட்டிருக்கிறது. அதன் பின் வரும் விதிகளை ஆணைக்குழுவும் உறுப்பு நாடுகளின் அமைச்சர்களும் 720 பாராளுமன்ற உறுப்பினர்களும் சேர்ந்தே தீர்மானிப்பார்கள். உயர்தரத்தில் அரசியல் விஞ்ஞானம் படிக்கும் பிள்ளைகள் இந்த மூன்றில் எது எதைச் செய்கிறது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். சந்தேகம் இருந்தால் கீழே கேளுங்கள், நாம் பதில் எழுதுகிறோம்.