உவர் தாங்கும் நெல்லின் வம்சாவளி

மரக்காணம் உப்பளங்களை ஒட்டிய கழுவெளி, மழைக்காலத்தில் நன்னீர் ஏரி. கோடையில் உவர்நீர்க் காயல். அதன் ஓரத்து வயல்களில் எந்த விதை பிழைக்கும் என்பதைப் பெரும்பாலும் அந்த நெல்லின் பிறப்பே தீர்மானிக்கிறது. நாற்றுப் பருவத்தில் உப்பு ஏறினால் இலை நுனி கருகும். பூக்கும் பருவத்தில் ஏறினால் கதிர் பதராகும்.

நெல்லின் குணங்கள் தலைமுறை தாண்டும் விதம் தமிழகத்தில் முறையாக ஆராயப்பட்டது கோவையில். 1912இல் அங்கே நெல் ஆராய்ச்சி நிலையம் தொடங்கியது. சென்னை மாகாணத் தாவரவியலாளர் பார்னெல், ஜி.என். ரங்கசாமி அய்யங்கார், கே. ராமையா ஆகியோர் நெல்லின் மரபுக் குணங்கள் பற்றி 1917இல் ஆய்வறிக்கை வெளியிட்டார்கள். வேலை பொறுமையைச் சோதிப்பது. நெல் பூ காலையில் சிறிது நேரமே திறந்திருக்கும். தன் மகரந்தத்தையே ஏற்றுக்கொள்ளும். ஆகவே பூ விரியும் முன்பே உமியின் நுனியைக் கத்தரித்து, ஆறு மகரந்தப்பைகளையும் இடுக்கியால் எடுத்துவிட்டு, வேறு ரகத்தின் மகரந்தத்தைத் தூவி, கதிருக்குக் காகித உறை போட வேண்டும்.

சிவப்பரிசி ரகத்தையும் வெள்ளையரிசி ரகத்தையும் இணைத்தால் முதல் தலைமுறைச் செடிகள் எல்லாம் சிவப்பரிசியே தரும். அடுத்த தலைமுறையில் மூன்றுக்கு ஒன்று என்ற கணக்கில் வெள்ளை திரும்பி வரும். இதில் ஒரு சிக்கல் உண்டு. அரிசியின் நிறத் தோல் தாய்ச் செடியின் திசு. கையிலுள்ள அரிசி காட்டும் நிறம் தாயுடையது. உள்ளே இருக்கும் கருவின் நிறத்தை அறிய அதை விதைத்து, வளர்த்து, அறுத்துப் பார்க்க வேண்டும்.

உவர் தாங்கும் குணம் இப்படி எளிய கணக்கில் அடங்காது. பல மரபணுக்கள் ஆளுக்குக் கொஞ்சம் பங்களிப்பதால் பிள்ளைச் செடிகள் தாங்குபவை, தாங்காதவை என இரண்டாகப் பிரியாமல் படிப்படியாக வேறுபடும். 1982இல் கோவையிலிருந்து வந்த, உவர் தாங்கும் கோ 43 ரகத்தின் ஒரு பெற்றோர் சுந்தரவனப் பகுதியின் தாசால். உவர் நிலத்து உழவர்கள் காலங்காலமாக விதை எடுத்துக் காத்துவந்த ரகம் அது. மற்றது பிலிப்பைன்ஸ் ஆய்வு நிலையம் உருவாக்கிய ஐ.ஆர். 20. அதன் முன்னோரில் ஒன்று திருவள்ளூர் அருகே திரூரில் உருவான டி.கே.எம். 6, அதற்கும் முன்னோர் 1921இல் கோவை வெளியிட்ட ஜி.இ.பி. 24. பிலிப்பைன்ஸ் வரை போன கோவை ரத்தம், மறுபடி கோவைக்கே திரும்பியது.

பிறகு ஆராய்ச்சி மரபணு அளவுக்கு இறங்கியது. கேரளத்துப் பொக்காளி நெல்லின் முதல் குரோமோசோமில் ‘சால்டால்’ என்ற பகுதி அடையாளம் காணப்பட்டது. சோடியத்தை இலைக்கு ஏறவிடாமல் தடுக்கும் மரபணு ஒன்று அங்கே இருக்கிறது. கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் அந்தப் பகுதியை மேம்படுத்தப்பட்ட வெள்ளைப் பொன்னி ரகத்துக்குள் கொண்டுவந்தார்கள். கலப்பினத்தை மீண்டும் மீண்டும் பொன்னியோடே சேர்ப்பது முறை. முதல் கலப்பில் பாதியாக இருக்கும் அயல் பங்கு ஒவ்வொரு சேர்க்கையிலும் பாதியாகக் குறைந்து, மூன்றாவதில் சராசரியாக 6 சதவீதத்துக்கு வரும். ஆனால் குரோமோசோமில் அக்கம்பக்கத்தில் இருப்பவை சேர்ந்தே பயணிக்கும். வேண்டாத குணமும் கூடவே ஒட்டிக்கொள்ளலாம். அதனால் ஒவ்வொரு தலைமுறையிலும் இலையின் டி.என்.ஏ.வைச் சோதித்தே செடிகளைத் தேர்கிறார்கள். அப்படியும் சால்டாலின் பாதுகாப்பு பெரும்பாலும் நாற்றுப் பருவத்துக்குத்தான். பூக்கும்போது கதிர் பதராவதைத் தடுக்க வேறு மரபணுக்கள் வேண்டும்.