சோழநாட்டு உணவில் சர்க்கரை



காவிரி நாடு சோற்றுக்குப் பெயர்பெற்ற நாடு. ஆயினும், இன்று இந்நாட்டு இல்லங்களில் அடிக்கடி எழும் வினா சர்க்கரையைப் பற்றியதாக இருக்கிறது. காப்பியில் சர்க்கரை சேர்ப்பதா, அல்லது கடைகளில் விற்கும் செயற்கை இனிப்பு மாத்திரையைச் சேர்ப்பதா என்பதே அவ்வினா. மருத்துவர் விடையிறுக்க வேண்டிய வினா இது எனத் தோன்றலாம். ஆயினும், இனிப்பு நம் உணவில் புகுந்து பெருகிய வழியை அறிந்தாலன்றி இதற்கு நல்ல விடை கிடைக்காது.

அதியமானின் முன்னோர் தொலைநாட்டிலிருந்து கரும்பை இந்நாட்டிற்குக் கொணர்ந்தனர் என்று புறநானூறு கூறுகிறது. வந்த கரும்பு மருத நிலத்தில் வேரூன்றியது. பஞ்சாலை, அரிசி ஆலை என்று நாம் இன்று வழங்கும் ‘ஆலை’ என்னும் சொல், முற்காலத்தில் கரும்பு பிழியும் பொறியைக் குறித்த சொல்லே ஆகும்.

கரும்பு விளைந்தும், சர்க்கரை அருமையான பொருளாகவே இருந்தது. 1010-ஆம் ஆண்டில் இராசராசன் எடுப்பித்து முடித்த தஞ்சைப் பெருங்கோயிலையும், பிற சோழர் கோயில்களையும் எண்ணிப் பாருங்கள். இறைவனுக்குப் படைக்கும் அமுதுக்குரிய பொருள்களைச் சோழர் காலக் கல்வெட்டுக்கள் அளவோடு குறிக்கின்றன. அரிசியைக் குறுணியாலும் நாழியாலும் அளந்தார்கள். சர்க்கரையைப் பலத்தால் நிறுத்தார்கள். பிற்காலத்துச் சென்னை எடைமுறைப்படி ஒரு பலம் மூன்று தோலா. அதாவது ஏறக்குறைய 35 கிராம். கோயிலிலேயே நிறுத்துக் கொடுக்கப்பட்ட பொருள், எளிய குடிமக்கள் வீட்டிற்குப் பொங்கலன்றும் மணநாளன்றும் வந்து செல்லும் விருந்தாளியாகத்தான் இருந்திருக்கும்.

அந்த விருந்தாளி நம் வீட்டிலேயே தங்கிவிட்டது எவ்வாறு? வெள்ளைச் சர்க்கரையை நம் பாட்டிமார் ‘அஸ்கா’ என்பர். அஸ்கா என்பது ஓர் ஊரின் பெயர். பழைய சென்னை மாகாணத்தில் கஞ்சம் மாவட்டத்தில் இருந்த அவ்வூர், இன்று ஒடிசா மாநிலத்தைச் சேர்ந்தது. 19-ஆம் நூற்றாண்டில் அங்கு நிறுவப்பட்ட ஆலையின் சர்க்கரைக்கு ஊர்ப்பெயரே பெயராயிற்று. பின்னர், 1932-இல் சர்க்கரைத் தொழில் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. சில ஆண்டுகளில் இந்தியாவின் சர்க்கரை ஆலைகள் பன்மடங்கு பெருகின. 1970-களில் தஞ்சைக்கு அண்மையிலுள்ள குருங்குளத்திலும் அரசினர் ஆலை எழுந்தது.

இதற்கிடையே, காலையில் நீராகாரம் அருந்திய குடும்பங்களில் காப்பி இடம்பெற்றது. கும்பகோணம் காப்பியின் புகழை நான் கூற வேண்டுவதில்லை. கோப்பை ஒன்றுக்கு இரண்டு சிறு கரண்டியாக நாளொன்றுக்கு நான்கு கோப்பை அருந்துவோர் உண்டு. கரண்டிக்கு 4 கிராம் என்று கணக்கிட்டால் 32 கிராம் ஆகிறது. ஏறக்குறைய ஒரு பலம்! திருவிழாவின் இனிப்பை நாள்தோறும் உண்ணத் தொடங்கிவிட்டோம்.

நீரிழிவு புதிய நோயன்று. சுசுருதரின் பெயரால் வழங்கும் பழைய மருத்துவ நூல் ‘மதுமேகம்’ என இதனைக் கூறும். மிகுந்த உணவையும் உழைப்பின்மையையும் காரணங்களாகக் காட்டும். தஞ்சையை ஆண்ட இரண்டாம் சரபோசி மன்னர் (1798–1832) தொகுப்பித்த சரபேந்திர வைத்திய முறைகளுள் நீரிழிவுக்குரியவை தனி நூலாகவே சரசுவதி மகால் நூலகத்தின் வழி வெளிவந்துள்ளன. 1948-இல் சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் டாக்டர் மு. விசுவநாதன் நீரிழிவுக்கெனத் தனிப் புறநோயாளர் பிரிவைத் தொடங்கினார். 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வோ, நாட்டில் சுமார் 10 கோடிப் பேருக்கு இந்நோய் உள்ளது என்கிறது. தமிழ்நாட்டில் வயது வந்தோருள் நூற்றுக்கு 14 பேருக்கு மேல் இதற்கு ஆளாகியுள்ளனர்.

இனிச் செயற்கை இனிப்புக்களைப் பார்ப்போம். 1879-இல் அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்து ஆய்வுக்கூடத்தில் பால்பெர்க் என்பவர் தம் கையில் ஒட்டிய பொருள் இனிப்பதைத் தற்செயலாகக் கண்டார். அதுவே சாக்கரின், சர்க்கரையைவிடச் சுமார் 300 மடங்கு இனிப்புடையது. முதல் உலகப்போரில் சர்க்கரைப் பஞ்சம் ஏற்பட்டபோது ஐரோப்பியர் இதனை மிகுதியாகப் பயன்படுத்தினர். 1965-இல் அஸ்பார்டேமும், 1976-இல் சுக்ரலோசும் கண்டறியப்பட்டன. சுக்ரலோசைக் கண்டவர், இலண்டனில் ஆராய்ச்சி செய்த சசிகாந்த் பட்னிஸ் என்னும் இந்திய இளைஞர். ‘சோதித்துப் பார்’ என்று ஆசிரியர் ஆங்கிலத்தில் சொன்னதைச் ‘சுவைத்துப் பார்’ என்று கேட்டுச் சுவைத்தாராம்!

இவற்றால் தீங்கு உண்டா? 1970-களில் சாக்கரின் எலிகளுக்குச் சிறுநீர்ப்பைப் புற்றுநோய் உண்டாக்குவதாக அஞ்சினர். அந்த நோய் எலியின் உடலியல்பைப் பொறுத்தது, மனிதருக்குப் பொருந்தாது என்று பின்னர்த் தெளிவாயிற்று. 2023 சூலையில், அஸ்பார்டேம் புற்றுநோயை உண்டாக்கக் கூடும் என்பதற்கு ஓரளவே சான்று உள்ளதாக ஒரு பன்னாட்டுக் குழு கூறியது. உடல் எடையில் கிலோவுக்கு 40 மில்லிகிராம் வரை நாள்தோறும் கொள்ளலாம் என்ற பழைய வரம்பை மற்றொரு குழு மாற்றவில்லை. ஆகவே, பேரச்சம் வேண்டா.

ஆனால் பெருநம்பிக்கையும் வேண்டா. உடல் எடையைக் குறைப்பதற்கென இவ்வினிப்புக்களை நாடுவதில் நீடித்த பயன் இல்லை என்று உலகச் சுகாதார நிறுவனம் 2023 மே மாதம் அறிவித்தது. சீனித்துளசி இனிப்பும் இதில் அடங்கும். முன்பே நீரிழிவு உடையவருக்கு இவ்வறிவுரை பொருந்தாது. அவர்கள் மருத்துவர் சொற்படி நடத்தல் வேண்டும். சர்க்கரையைப் பற்றி 2015-இல் அந்நிறுவனம் கூறியது, நாளொன்றுக்கு 25 கிராமுக்கு உட்பட்டிருத்தல் நலம் என்பதாகும். முக்கால் பலத்திற்குச் சற்றுக் குறைவு!

காவிரி நாட்டார் இன்னும் இரண்டு செய்திகளை மறத்தல் கூடாது. வெல்லமும் கருப்பட்டியும் நாட்டுச் சர்க்கரையும் நிறத்தால் வேறுபட்டாலும் பெரும்பகுதி சர்க்கரையே. ஆதலால், நோயாளிக்கு அவை மருந்தாகா. அடுத்தது சோறு. தீட்டிய வெள்ளரிசிச் சோறு குடலில் செரித்து விரைவில் சர்க்கரையாக இரத்தத்தில் கலக்கிறது. வயலில் நாளெல்லாம் உழைத்தவன் அதனைச் செலவிட்டான். நாற்காலியில் அமர்ந்திருப்பவன் அதே அளவு உண்டுவிட்டுக் காப்பியில் மட்டும் மாத்திரை இடுவானாயின், வாய்க்காலின் மதகை அடைத்துவிட்டு ஆற்றின் உடைப்பைக் காணாதிருப்பவனை ஒப்பான்.

எனவே, சர்க்கரையா, செயற்கை இனிப்பா என்று கேட்பதற்கு முன், எவ்வளவு இனிப்பு என்று கேளுங்கள். உடல்நலம் உடைய இளைஞர்கள் காப்பியில் கரண்டி கரண்டியாகக் குறைத்து வந்தால், சில வாரங்களில் நாவும் அதற்குப் பழகிவிடும். சோற்றைக் குறைத்துக் கீரையும் பருப்பும் காய்கறியும் கூட்டுங்கள். நாள்தோறும் உடலை உழைக்க விடுங்கள். பொங்கலன்று சர்க்கரைப் பொங்கலை மகிழ்ந்து உண்ணுங்கள். நம் முன்னோர் நிறுத்து அளித்த பொருளை நாமும் நிறுத்தே உண்போமாக.